கறுப்பு வெள்ளை மட்டும்

ஜூன் 3, திங்கள்

பந்தயச் சாலையில் இருக்கும் கட்டடக் கலைஞர் மறுபடியும் கூப்பிட்டார். கேமராவை எடுத்துக்கொள்கிறேனா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஞாயிறுவரை நேரம் கேட்டிருக்கிறேன்.

கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுக்கும் டிஜிட்டல் கேமரா. வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பாதி விலைக்குத் தருகிறார். அந்தப் பாதியிலும் எங்கள் ஸ்கூட்டரைப் போல இரண்டு வாங்கலாம். ஏன் விற்கிறீர்கள் என்றேன். "கொழந்தை பொறந்துட்டுதுங்க சார். பத்துப் படம் எடுத்து வீட்டு குரூப்ல போட்டேன். எங்க மாமியார், கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லியான்னு கேட்டு போன் பண்ணிட்டாங்க" என்றார்.

ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, வாங்கலாம், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் எழுதினேன். இருபத்தெட்டு வருடமாகக் கல்லூரியில் கணிதம் நடத்துபவன். கோடு கிழிக்காமல் எனக்கு யோசனை ஓடாது. வேண்டாம் பக்கத்தில் விலை. கலரில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளும் வசதி என் பழைய கேமராவிலேயே இருக்கிறது என்பது இரண்டாவது. என் மனைவி சாந்தாமணி என்ன சொல்வாள் என்பது மூன்றாவது. வாங்கலாம் பக்கத்தில் படத்தின் கூர்மை, மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கலாம் என்பது, மனம் சிதறாது என்பது. கடைசியாக விஜயரங்கன் என்று எழுதினேன். பிறகு அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

மாலையில் தக்காளி வாங்கிவந்தேன். முக்கால்வாசி காய் என்கிறாள் சாந்தாமணி. கடையில் விளக்கு சரியில்லை.

ஜூன் 5, புதன்

எங்கள் ஒளிப்படக் கழகத்தின் செயலாளர் பெஞ்சமின் கல்லூரிக்கே வந்துவிட்டார். ஆண்டு விழாவில் நடக்கும் டேப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்.

இந்தப் போட்டியைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். எல்லோரும் ஒரே ஆளைப் படம் எடுக்க வேண்டும். கேமராவின் பின்திரைமேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். பழைய பிலிம் ரோல் மாதிரி பன்னிரண்டு படம்தான். எடுத்து முடித்ததும், எத்தனையாவது படத்தை அச்சிட வேண்டும் என்று உறைமேல் எண் எழுதி, மெமரி கார்டை உள்ளே போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். எந்தத் திருத்தமும் செய்யாமல் அந்த ஒரு படத்தைப் பெரிதாக அச்சிட்டு அடுத்த ஞாயிறு மாட்டுவார்கள். அதுவரை எடுத்தவனும் பார்க்க முடியாது. எங்கள் தலைவர் விஜயரங்கன் கொண்டுவந்த வழக்கம். நல்ல வழக்கம்தான். அவன் செய்ததில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"இந்த வருசம் யாரை உக்கார வெக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ரங்கண்ணனைத்தான். தலைவர் பதவில இருந்து எறங்கறாருல்ல. மூணு வருசமா யாரையும் போட்டோ எடுக்க விடாத மனுசன். மொகத்துல மங்கு வந்ததுல இருந்து கேமராவக் கண்டா ஓடறாரு. பொதுக்குழுவே கெஞ்சி ஒத்துக்க வெச்சோம்."

பெயர் கொடுத்துவிட்டேன். கட்டடக் கலைஞருக்கும் போன் செய்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

கேமரா வந்துவிட்டது.

சாந்தாமணி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கலரே வராதுங்களா?"

"வராது."

"கலர் டிவிய விட்டுப்போட்டு பழைய டிவிக்குப் போற மாதிரி இருக்குதுங்க."

விளக்கினேன். சாதாரண கேமராவின் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் ஒரு துளி நிறக் கண்ணாடி ஒட்டியிருக்கும். சிவப்போ பச்சையோ நீலமோ. அந்தந்தப் புள்ளி தன் நிறத்தை மட்டும் பார்க்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு ஊகிக்கும். அந்த ஊகத்தைத்தான் நாம் கலர் படம் என்கிறோம். இதில் அந்தக் கண்ணாடி கிடையாது. வந்த வெளிச்சம் முழுதும் வந்தபடி பதியும். ஊகம் என்ற பேச்சே இல்லை.

"ஊகிச்சாத்தான் என்னங்க, சரியா ஊகிச்சாப் போதாதா?" என்றாள். பக்கத்தில் ஆள் இருக்கிறவர்களுக்குச் சுலபம் என்றேன். சொன்ன பிறகு என்ன பொருளில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மாவு அரைக்கப் போனாள்.

கேமராவோடு கட்டடக் கலைஞர் ஒரு தோல் பையும் கொடுத்திருக்கிறார். அதில் நான்கு ஃபில்டர்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடிகள். அவருடைய அப்பா காலத்துச் சாமான். வளையங்களில் இருந்த எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. பையின் நான்கு அறைகளிலும் பெயர் அச்சிட்டிருப்பதால் சிரமம் இல்லை.

கறுப்பு வெள்ளைக்கு இந்தக் கண்ணாடிகள்தான் உயிர். சிவப்பு மாட்டினால் சிவந்த பொருள் எல்லாம் வெளுத்துப் பதியும். தோலில் உள்ள மங்கு, பரு, வடு எல்லாம் கரைந்துபோய் முகம் பால்போல வரும். பச்சை மாட்டினால் அதற்கு நேர்மாறு. மங்கெல்லாம் கறுத்து மேலே வரும். உதடு கறுக்கும். கண்ணுக்குத் தெரியாத கறைகூடப் படத்தில் தெரியும். இந்தக் கேமராவில் எடுத்ததைப் பிற்பாடு திருத்தவும் முடியாது. கலர் கேமராவில் எடுத்தால் சிவப்பைக் கூட்டிப் பச்சையைக் குறைத்து முகத்தைக் காப்பாற்றிவிடலாம். இதில் கண்ணாடி வழியாக எது வந்ததோ அதுதான்.

பதினாறுக்கு இருபது அங்குலத்தில், ஊரே பார்க்க, விஜயரங்கனின் முகம்.

ஜூன் 10, திங்கள்

அந்தப் பழைய விஷயத்தை இந்த நோட்டில் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டு. எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். நலங்கில் சாந்தாமணி முகமெல்லாம் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தபோது எடுத்த ஒரு படத்தை, கழகத்தின் கலர் போட்டிக்கு அனுப்பினேன். அப்போது ஊரில் நல்ல கலர் லேப் விஜயரங்கனுடையது. அவனே மெஷினில் உட்கார்ந்து மாதிரிப் படம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். "பாருடா மணி, இப்படியே போட்டறட்டுமா?" பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சரி என்றேன். அவன் படத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பெரிதாக அச்சிட்டு உறையில் போட்டுக் கொடுத்துவிட்டான்.

கண்காட்சி அன்று நாங்கள் உள்ளே நுழையும்போதே சிரிப்பு. படத்தில் என் மனைவியின் முகம் பச்சையாக இருக்கிறதாம். பாசி பிடித்தது போல இருக்கிறதாம். நடுவர் ஒருவர், "பொண்ணு எந்தக் கிணத்துல இருந்து வந்துச்சு?" என்று கேட்டார். சாந்தாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனவள், இன்றுவரை கழகத்தின் படி மிதிக்கவில்லை. அந்த வருடம் முதல் பரிசு விஜயரங்கனுக்கு. எனக்குக் கிடைத்தது ‘பச்சை மணி’ என்ற பெயர். என் முழுப்பெயர் தெய்வசிகாமணி என்பது கழகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அச்சு வேதிப்பொருளில் கோளாறு இருந்திருக்க வேண்டும். அதைக் கண்டும் அவன் சொல்லவில்லை. என் வழக்கு அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, மருத்துவச் சோதனையில் என்னைத் தள்ளியதும் இதே ரகம்தான். புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டி எண் எங்கே என்றார்கள். எந்தப் பக்கத்திலும் எண் இல்லை. அச்சு மங்கிய புத்தகத்தை வைத்து ஒருவன் வாழ்க்கையை முடிவுசெய்த அந்த டாக்டரின் பெயரையும் மறக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

உழவர் சந்தைக்குக் கேமராவோடு போனேன். ஃபில்டர்களைப் பழகிப்பார்க்கத் தக்காளியைவிட நல்ல பொருள் இல்லை.

சிவப்பு அறையில் இருந்ததை மாட்டித் தக்காளிக் குவியலை எடுத்துத் திரையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஒரே மாதிரி கிடந்த குவியல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதித் தக்காளி முத்துப்போல வெள்ளை, மீதி கரி. பழம் வெள்ளை, காய் கறுப்பு. பச்சையை மாட்டி எடுத்தேன், அப்படியே தலைகீழ். மறுபடி சிவப்பு.

கடைக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏனுங் சார், தக்காளிக்குப் பொண்ணு பாக்க வந்தீங்ளா?" என்றாள்.

"பேசாம இரும்மா."

"பேப்பர்ல போடுவீங்ளா? அப்பறம் வெல ஏத்திட்டம்னு எங்களையத்தான் திட்டுவாங்க."

திரையைப் பார்த்துக்கொண்டே வெள்ளைத் தக்காளியாகப் பொறுக்கினேன். இரண்டு கிலோ. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நின்று முணுமுணுக்கட்டும்.

வீட்டில் சாந்தாமணி கூடையைக் கவிழ்த்தவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "இன்னைக்கு யாருங்க பொறுக்கிக் குடுத்தது?"

"நான்தான்."

"நம்பற மாதிரி சொல்லுங்க."

மதியம் தக்காளி ரசம். மூன்று முறை ஊற்றிக்கொண்டேன். சாதாரணமாக எனக்கு ரசம் பிடிக்காது.

ஜூன் 20, வியாழன்

கல்லூரியில் விடைத்தாள் கட்டு. துறைத் தலைவர் பொறுப்பு இந்த வருடமும் எனக்கு இல்லை. குறித்துவைக்கிறேன்.

ஜூன் 22, சனி

நாளை போட்டி. கேமராவைத் துடைத்தேன். பேட்டரியை ஏற்றினேன். நான்கு ஃபில்டர்களிலும் விரல் ரேகையும் சந்தைப் புழுதியும் இருந்தன. சோப்பு நீரில் கழுவித் துண்டின்மேல் பரப்பிக் காயவைத்தேன். காய்ந்ததும் அதனதன் அறையில் வைத்துப் பையை மூடினேன்.

சாந்தாமணியிடம், அடுத்த ஞாயிறு படங்களை மாட்டும்போது நீயும் வருகிறாய் என்றேன். கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நான் எதுக்குங்க?"

"ஒரு படம் பாக்கணும் நீ."

"யாரு படம்?"

சொன்னேன். தோசை ஒரு பக்கம் தீய்ந்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் கிளம்பும் முன்பே வீட்டில் ஃபில்டரை மாட்டிக்கொண்டேன். அங்கே போய்த் தடுமாறக் கூடாது. கதவருகில் சாந்தாமணி, "அந்தச் செவப்புக் கண்ணாடியையா மாட்டிட்டுப் போறீங்க?" என்றாள்.

"பச்சை" என்றேன்.

"செவப்புங்க."

பையை விரித்துக் காட்டினேன். பச்சை என்று அச்சிட்ட அறைதான் காலியாக இருந்தது. படித்தவன் எழுத்தை நம்புவான். அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒரு பார்வை பார்த்தேன், நிறுத்திக்கொண்டாள். கல்யாணமான புதிதில் சட்டை எடுத்துத் தரும்போது இப்படித்தான் ஆரம்பித்தது. இது ஊதாங்க, அது நீலங்க என்று. அன்றைக்கே முளையில் கிள்ளியிருக்க வேண்டும்.

ராம் நகர் மண்டபத்தின் மொட்டை மாடி. பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தோம். பெஞ்சமின் வரிசையாக எல்லாக் கேமராவுக்கும் கறுப்பு டேப் ஒட்டினார். என் கேமராவைக் கையில் எடுத்தவர், "கறுப்பு வெள்ளை மட்டுமா? இதுக்கா இத்தனை காசு? பச்சை சார், உங்க பழைய பொட்டிலயே ஒரு பட்டனைத் தட்டுனா வந்திருக்குமே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விஜயரங்கன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அறுபத்தாறு வயது. மீசைக்குச் சாயம். முகத்தில் பவுடர் அப்பியிருந்தான். வியர்வையில் அது கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கன்னத்திலும் மங்கு, வெற்றிலை அகலத்துக்கு. பவுடரெல்லாம் பச்சைக்கு முன்னால் நிற்காது.

என் முறை வந்தது.

"வாடா மணி. என்னையும் பச்சையா எடுத்துறாத" என்றான். மாடியே சிரித்தது.

"உங்களை உள்ளபடி எடுப்பேனுங்ணா" என்றேன்.

அவன் லென்ஸைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கண்ணைச் சுருக்கி மறுபடியும் லென்ஸையே கூர்ந்து பார்த்தான். அத்தனை வருடம் லேப் நடத்தியவனுக்கு முன்னால் மாட்டியிருக்கும் கண்ணாடி தெரியாமல் போகுமா? தெரியட்டும் என்றுதான் மூன்றடி தூரத்தில் நின்றேன். முதலில் பயந்திருப்பான். எழுந்து போக முடியாது; விதியே அவன் போட்டது. கொஞ்சநேரம் கழித்து அவன் முகம் என்னவோபோல இளகியது. அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எடுத்தேன். ஏழாவது படம். உறைமேல் ஏழு என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

திரும்பிவரும் வழியெல்லாம் சீட்டி அடித்துக்கொண்டு வந்தேன். எனக்குச் சீட்டி அடிக்க வரும் என்பதே மறந்திருந்தது.

ஜூன் 24, திங்கள்

ஆறு நாள் இருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாந்தாமணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மண்டப வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். பொது இடத்தில் நாங்கள் கை பிடித்துக்கொள்வது வழக்கமில்லை.

பதினோரு படம். பதினோரு விஜயரங்கன்கள். ஏழெட்டுப் படத்தில் பவுடர் வெளுத்தும் மங்கு தெரிந்தும் சுமாராக இருந்தான். நடுச்சுவரில், தனி விளக்கின் கீழ், ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதன் முன்னால் கூட்டம். யாரும் சிரிக்கவில்லை. கிட்டே போனேன்.

அந்த முகத்தில் ஒரு கறை கிடையாது. மங்கு போன இடம் தெரியவில்லை. தோல் உள்ளிருந்து ஒளிர்வதுபோல இருந்தது. கண்ணோரச் சுருக்கங்கள் மட்டும் மிச்சம். அவையும் கனிவாக இருந்தன. பத்து வயது குறைந்து, யாரையோ நெடுநாள் கழித்துப் பார்த்தவனின் முகம்போல. கீழே என் பெயர். முழுப்பெயர். முதல் பரிசு.

பெஞ்சமினைத் தனியே இழுத்துப் போனேன். "லேப்ல கை வெச்சுட்டாங்க. என் படத்தைத் திருத்தியிருக்காங்க."

"பச்சை சார், முதல் பரிசு வாங்கிட்டு ஏன் சார் புகார் பண்றீங்க?" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் ஏழாவது படத்தைத் திறந்து காட்டினார். அதே முகம். யாரும் தொடவில்லை.

திரும்பி வந்தபோது சாந்தாமணி படத்தின் முன் நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமலேயே மெதுவாகச் சொன்னாள்: "நான் அன்னைக்கே சொன்னேனுங்களே."

பரிசைக் கொடுத்தது விஜயரங்கன். கொடுத்துவிட்டுக் கையை விடவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண் கலங்கியிருந்தது.

"செவப்பு மாட்டிக்கிட்டு வந்து நிக்கறயேடா மணி. அதைப் பாத்ததுமே எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. என் மொகத்தை எப்படி வேணா எடுத்திருக்கலாம் நீ. பச்சை போட்டிருந்தீன்னா நான் இன்னைக்கு இந்த மண்டபத்துல நிக்க முடியுமா?"

நான் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"இத்தனை வருசமா நீ எம்மேல கருவிக்கிட்டு இருக்கறேன்னு நெனச்சேன். இருந்தாலும் நியாயம். அன்னைக்கு லேப்ல படம் பச்சையா வந்ததைப் பாத்தேன். உனக்குத் தெரியலைங்கறதையும் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வருசம் பரிசு உனக்குத்தான். தெரிஞ்சேதான் சொல்லலை. இவ்வளவு நாள் சொல்ல வாய் வரலை."

பிறகு, அதை யாரிடமும் சொன்னதில்லை என்றான். எதை என்று நான் கேட்கவில்லை. என் கண்ணைப் பற்றி ஏதோ சொன்னான். வெளியே மைக் சத்தம். சரியாகக் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேடயத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஜூலை 1, திங்கள்

ஆக, இத்தனை வருடமும் நான் நினைத்தது சரி. தெரிந்தே செய்திருக்கிறான். அவனே ஒப்புக்கொண்டான். எந்த நாளில் ஒப்புக்கொண்டான்? என் கையாலேயே அவனுக்கு ஒரு புதுமுகம் செய்து கொடுத்த நாளில். அந்த முகத்தோடு அவன் இனி நிம்மதியாக இருப்பான்.

கலர் கேமராவில் எடுத்திருந்தால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சிவப்பைப் பச்சையாகப் புரட்டி, மங்கு முழுவதையும் வெளியே கொண்டுவந்திருக்கலாம். இதில் வழி இல்லை. வாங்கலாம் பக்கத்தில் நான் எழுதிய காரணம் அத்தனையும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

கல்லூரிக்கு விடுப்பு.

ஜூலை 4, வியாழன்

விஜயரங்கன் போன் செய்தான். "அந்தப் படத்தைத் தனியா எடுத்து வெக்கச் சொல்லிட்டேன்டா. நான் செத்துப்போனா பேப்பர்ல போடறது அதான். ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வா. நிதானமா உக்காந்து இன்னொண்ணு எடுத்துக் குடு."

வருகிறேன் என்றேன்.

சாப்பாடு முடிந்ததும் நான்கு ஃபில்டர்களையும் மேசைமேல் வைத்தேன். சாந்தாமணி எச்சில் தட்டை எடுக்க வந்தாள்.

"இதுல எது பச்சை?" என்றேன்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் இந்த மாதிரி ஒரு கேள்வியை நான் அவளிடம் கேட்டதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். "இது." இன்னொன்றை எடுத்து நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து அதன் வளையத்தில் ஒட்டினாள். "பொட்டு வெச்சது செவப்பு. இருட்டுலகூடத் தடவிப் பாத்துக்கலாம்."

மற்ற இரண்டையும் பையில் வைத்துவிட்டு, "அவருக்குத்தானே எடுக்கப் போறீங்க?" என்றாள்.

"ஆமா."

"எதை மாட்டுவீங்க?"

"பொட்டில்லாததை."

வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று, "அன்னைக்கு நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் மூஞ்சிய மூடிக்கிட்டேதான் போனேனுங்க" என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு

சாயிபாபா காலனியில் அவன் வீடு. கூடத்தில் ஏற்கெனவே என் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அவன் மனைவி அதைக் காட்டி, "தம்பி, கண்ணாலத்தப்பக்கூட இப்படி இல்லீங்க இவரு" என்றார். காபி போட உள்ளே போனார்.

ஜன்னலோரம் உட்காரவைத்தேன். இந்த முறை பவுடர் இல்லை. என்னை நம்பி உட்கார்ந்திருந்தான். லென்ஸில் மாட்டியிருந்ததை வளையம் சுற்றித் தடவிப் பார்த்தேன். பொட்டு இல்லை. அவன் அண்ணாந்து லென்ஸைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. ஆனாலும் அசையவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தேன்.

திரையில் டேப் இல்லை. பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் மங்கு கரிபோல ஏறியிருந்தது. உதடு கறுப்பு. கண்ணைச் சுற்றிக் குழி. மூக்கின்மேல் நான் நேரில் பார்த்திராத கறை ஒன்று. நோயில் கிடந்து எழுந்த கிழவன். நான் கேட்ட படம் இதுதான்.

"காட்டு" என்றான்.

கேமராவைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே டபரா சத்தம் கேட்டது.

"இது பச்சைதானே?"

"ஆமாங்ணா. அன்னைக்கும் இதைத்தான் மாட்டியிருக்கறதா நெனச்சேன்."

அவன் தலை நிமிர்ந்தது.

"எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணுதானுங்ணா. பொறந்ததுல இருந்து அப்படித்தான். கழுவி வெக்கும்போது மாத்தி வெச்சுட்டேன்."

இத்தனை வருடம் எதை மறைத்தேனோ அதைச் சொன்னால்தான் அவனைக் குத்த முடியும் என்று ஆகிவிட்டது. ஆகவே சொன்னேன்.

சுவரில் தொங்கிய முகத்தையும் கையில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அது கை தவறி வந்தது" என்றான்.

"கை தவறி வந்தது."

"நீயா போட்டது இது."

"இது நானா போட்டது."

கேமராவைத் திருப்பிக் கொடுத்தான். அவன் விரல்கள் குளிர்ந்திருந்தன. "இப்பப் போதுமாடா மணி?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"போதாதுங்ணா."

தலையை ஆட்டினான். காபி வந்தது. அவன் மனைவி, படம் நல்லா வந்துச்சுங்களா தம்பி என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் விஜயரங்கன் சொன்னான்: "ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா அது மணிக்கு. நமக்குச் சுவத்துல இருக்கறதே போதும்."

வாசல்வரை வந்தான். "பேப்பருக்கு அதையே குடுத்துரு, என்ன?" என்றான். தருவதாகச் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் இருக்கிறவரை அந்தக் கேள்வி அவனிடமே இருக்கட்டும்.

காபியில் சர்க்கரை அதிகம்.

ஜூலை 8, திங்கள்

ஜூன் மூன்றாம் தேதித் தாளை எடுத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் கேமரா வாங்கலாமா? வாங்கலாம். கூர்மை பற்றி நான் எழுதியது உண்மை. ஊகம் கிடையாது என்று பிறகு சாந்தாமணியிடம் சொன்னதும் உண்மை. கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது கேமராவின் வேலை இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்ன ஒருத்தியின் பேச்சை நான் கேட்கவில்லை.

நேற்றுப் பச்சைக் கண்ணாடியில் எடுத்த படத்தை அழிக்கவில்லை. சாந்தாமணிக்குக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "வயசாயிருச்சுங்க அவருக்கு" என்றாள். அதற்குப் பிறகு கேடயத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள். நான் தடுக்கவில்லை.

ஜூலை 10, புதன்

உழவர் சந்தை. கேமரா எடுத்துப்போகவில்லை. அதே கடைக்காரி. "ஏனுங் சார், இன்னைக்குப் போட்டோ இல்லீங்ளா?"

"பழுத்ததாப் பாத்து நீயே போடும்மா. எனக்கு நெறம் தெரியாது" என்றேன். பின்னால் நான்கு பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள், "அப்பிடீங்ளா, தாங்க பைய" என்று சொல்லிவிட்டு மளமளவென்று பொறுக்கிப் போட்டாள்.

வீட்டில் சாந்தாமணி கூடையில் கொட்டிப் பார்த்தாள். மூன்று காய் என்றாள்.

அந்தக் கடைக்காரியைக் குறித்துவைத்திருக்கிறேன். நுழைவாயிலிலிருந்து இடப்பக்கம், ஆறாவது கடை.